பின்தங்கிய, பிற்படுத்தப்பட்ட, விழையும்: ஒரு பெயரடையின் அரசியல்

திருச்சுழியில் ஒரு டீக்கடைக்கு எதிரே அரசு விழாவுக்கான தட்டி கட்டியிருந்தார்கள். 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று பெரிய எழுத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "வெளையுமா? என்னத்த தம்பி வெளையும்?" இந்தப் பக்கத்து நாக்கில் ழகரம் ளகரமாகத்தான் விழும். அது விளையும் இல்லைங்கய்யா, விழையும், ஆசைப்படுறதுன்னு அர்த்தம் என்றேன். கொஞ்ச நேரம் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆசைப்படுறது யாரு?" என்றார்.

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்கிற தகுதியில் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தது. இரண்டாவது கேள்விக்கு முடியவில்லை. இக்கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

தட்டியில் இருந்தது மொழிபெயர்ப்பு. மூலம் 'ஆஸ்பிரேஷனல்' என்கிற ஆங்கிலப் பெயரடை. 2018 ஜனவரியில் மைய அரசு தொடங்கிய 'ஆஸ்பிரேஷனல் டிஸ்ட்ரிக்ட்ஸ்' திட்டத்தில் நாடு முழுக்க 112 மாவட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். 1985 வரை ஒரே மாவட்டமாக இருந்த பழைய ராமநாதபுரத்தின் மூன்று துண்டுகளில் இரண்டு. 2017 கடைசியில் இந்தப் பட்டியல் பேச்சில் இருந்தபோது பத்திரிகைகளில் 'பேக்வர்ட்' மாவட்டங்கள் என்றுதான் செய்தி வந்தது. சில வாரங்களுக்குள் சொல் மாறிவிட்டது. மாவட்டம் அதே மாவட்டம், கண்மாய் அதே கண்மாய், வேலிக்கருவை அதே வேலிக்கருவை. பெயரடை மட்டும் புதுசு. பின்தங்கிய என்று சொன்னால் ஊழியர்களும் மக்களும் மனம் சோர்ந்துபோவார்கள், ஆகையால் நம்பிக்கை தரும் சொல் வேண்டும் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். 2023இல் இதே பெயரடை 500 வட்டாரங்களுக்கும் கொடுக்கப்பட்டது. ஆக, இது ஒரு தட்டியோடு போய்விடுகிற சொல் அல்ல.

தமிழில் இதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். முன்னேற விழையும், முன்னேறத் துடிக்கும், வளர்ச்சியை விரும்பும் என்று பல. ஒரு சொல்லுக்கு இத்தனை மொழிபெயர்ப்புகள் வருவதை மொழியின் வளம் என்று கொண்டாட வேண்டியதில்லை. மூலச் சொல்லுக்குள் ஏதோ ஒன்று பிடிபடாமல் நழுவுகிறது என்றுதான் இதற்குப் பொருள்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். லத்தீனில் 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுதல். 'அஸ்பிராரே' என்றால் ஒன்றை நோக்கி, ஒன்றின்மேல் மூச்சுவிடுதல். அதிலிருந்து ஏங்குதல், உயர்ந்த ஒன்றை நாடுதல் என்கிற பொருள் கிளைத்தது. மொழியியல்காரர்கள் 'ஆஸ்பிரேட்' என்று சொல்கிற மூச்சொலியும் இதே வேரிலிருந்து வந்ததுதான். வடமொழி வர்க்க எழுத்துகளில் வருகிற அந்த மூச்சொலிக்குத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தே இல்லை. மூச்சொலி இல்லாத மொழிக்காரர்களுக்கு மூச்சு மாவட்டம் கிடைத்திருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். மருத்துவர்களுக்கு 'ஆஸ்பிரேஷன்' வேறு: சோறோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போய்விடுவது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

இன்றைய பொருளுக்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி மட்டும் போதாது, கடைத்தெருவுக்கும் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்த இந்தப் பெயரடை, 1980களில்தான் விளம்பர உலகத்தின் கையில் செல்லக்குழந்தை ஆனது. தன் வருமானத்துக்கு எட்டாத ஒன்றை வாங்க ஆசைப்படுகிற நுகர்வோர், அந்த ஆசையைத் தூண்டுகிற சரக்கு, இரண்டுக்கும் ஒரே பெயரடை. தாட்சர் காலத்து இங்கிலாந்தில் தொழிலாளி தன்னைத் தொழிலாளி என்று நினைக்காமல் வீடு வாங்கப்போகிறவன் என்று நினைக்க வேண்டியிருந்தது. அந்த மனநிலைக்குப் பொருத்தமான சொல் இது. இன்னும் கிடைக்காத ஒன்றால் ஒருவனை வரையறுப்பது இதன் வேலை. ஏன் கிடைக்கவில்லை என்கிற கேள்விக்கு இந்தச் சொல்லுக்குள் இடமில்லை. ஆசையின் அளவுதான் அளக்கப்படுகிறது.

இனி, இது எந்தச் சொல்லை வெளியேற்றிவிட்டு உட்கார்ந்ததோ அந்தச் சொல். 'பேக்' என்றால் முதுகு, பின்புறம். 'வர்ட்' என்பது திசை காட்டும் விகுதி. ஆக, 'பேக்வர்ட்' பிறப்பில் வெறும் திசைச் சொல். பிறகு பருவத்துக்கும் பயிருக்கும் வந்தது. பருவம் பிந்தினால், பயிர் காலம் தாழ்த்தி முளைத்தால் ஆங்கில விவசாயி அதை 'பேக்வர்ட்' என்றான். இதில் இழிவு ஒன்றும் இல்லை. ஐப்பசி மழை தவறி கார்த்திகையில் விதைத்த குதிரைவாலியை நம்ம ஊர்க்காரர் 'பிந்துன வெள்ளாமை' என்று சொல்வது போலத்தான். பின்னால் அது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து மந்தமான பிள்ளையைக் குறித்தது. பிள்ளையிலிருந்து இனங்களுக்கும் நாடுகளுக்கும் தாவியது. உலகம் முழுவதும் ஒரே பாதையில் நடக்கிறது, ஐரோப்பா முன்னால் போகிறது, மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள் என்கிற கதையாடலுக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது. 1949 ஜனவரியில் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில் 'அண்டர்டெவலப்ட்' பகுதிகளைப் பற்றிப் பேசியதோடு உலகில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் 'வளராதவர்கள்' ஆகிப்போனார்கள் என்று மெக்சிகோ சிந்தனையாளர் குஸ்தாவோ எஸ்தேவா விவாதித்திருப்பதை நண்பர்கள் அறிவார்கள். பிறகு அது 'வளரும் நாடு' ஆயிற்று. இப்போது 'எழுந்துவரும் சந்தை' என்கிறார்கள். பெயரடை மட்டும் வருஷா வருஷம் வெள்ளையடிக்கப்படுகிறது.

ஆனால் 'பேக்வர்ட்' இந்திய மண்ணில், குறிப்பாகச் சென்னை மாகாணத்திலும் மைசூரிலும், வேறொரு வேலையையும் செய்தது. மைசூரில் 1918இல் அமைக்கப்பட்ட மில்லர் குழு, அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு, செண்பகம் துரைராஜன் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு 1951இல் முதல் திருத்தம் கொண்டுவந்த 15(4) பிரிவு, 1969இல் சட்டநாதன் ஆணையம், 1980இல் மண்டல் அறிக்கை என்று இந்தச் சொல் ஒரு உரிமைக் கோரிக்கையின் கைப்பிடியாக மாறியது. வசைச் சொல்லைப் பிடித்துக்கொண்டே கதவைத் தட்ட முடிந்தது.

இங்கேதான் தமிழ் செய்த ஒரு காரியத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. முதலில் 'பிற்பட்ட வகுப்பினர்' என்றுதான் எழுதினார்கள். பிற்படுதல் தன்வினை. தானே பின்னால் போனவர். பிறகு அது 'பிற்படுத்தப்பட்ட' என்று ஆயிற்று. பிறவினை, அதிலும் செயப்பாட்டுவினை. இன்று அரசுத் துறையின் பெயர்ப்பலகையிலேயே அப்படித்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் பிற்படுத்தியிருக்கிறார்! 'தாழ்ந்த' என்பது 'தாழ்த்தப்பட்ட' என்று ஆனதும் இதே இயக்கம்தான். ஆங்கிலப் பெயரடையில் இல்லாத குற்றவாளியைத் தமிழ் ஒரு 'து', ஒரு 'ப்', ஒரு 'பட்ட' வைத்து உள்ளே கொண்டுவந்துவிட்டது. வால்டர் ரோட்னி 1972இல் ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படி வளர்ச்சி குன்றச் செய்தது என்று புத்தகத் தலைப்பிலேயே அந்த ஆங்கிலச் சொல்லைச் செயப்படுபொருள் குன்றா வினையாக்கியது ஒரு பெரிய கோட்பாட்டுச் சாதனையாகப் பேசப்பட்டது. அது சாதனைதான். மேடையிலும் மனுவிலும் துண்டறிக்கையிலும் பேர் தெரியாத தமிழர்கள் செய்தது அதற்குக் குறைந்ததல்ல.

இந்தச் சீமையில் இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1871இல் பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'கிரிமினல்' என்கிற பெயரடை 'டிரைப்ஸ்' என்கிற பெயரின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. தமிழில் 'குற்றப்பரம்பரை' என்றார்கள். மூலத்தைவிடக் கொடிய மொழிபெயர்ப்பு: குழு என்பது பரம்பரை ஆகி, குற்றம் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஊர்ச்சனம் வைத்த பேர் 'ரேகைச் சட்டம்'. கட்டைவிரலில் மை ஒட்டியவர்களுக்குப் பெயரடை தேவைப்படவில்லை, மைதான் தேவைப்பட்டது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து மறவர்கள்மேல் இது ஏவப்பட்டதும், 1930களில் முத்துராமலிங்கத் தேவர் இதை எதிர்த்து இயங்கியதும், 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடு முழுவதிலும் சட்டம் ஒழிந்ததும் தெரிந்த வரலாறு. ஒழிந்தபின் ஆங்கிலத்தில் கிடைத்த பெயரடை 'டீநோட்டிஃபைட்'. அறிவிக்கை ரத்து செய்யப்பட்டவர் என்று பொருள். மனிதனுக்கு வைக்கிற பேரா இது, கெஸட்டின் அடிக்குறிப்பு. தமிழில் அதையே 'சீர்மரபினர்' என்று ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் எங்கே இருக்கிறது சீர்? எங்கே இருக்கிறது மரபு? அகராதிப்படி இது பிழை. என் பார்வையில் தமிழ்நாட்டு அரசு மொழிபெயர்ப்பில் நடந்த மிக நல்ல பிழைகளில் ஒன்று.

ஆனால் 'படுத்தப்பட்ட' என்பதை நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. செயப்பாட்டுவினையில் ஒரு வசதி உண்டு: எழுவாயைச் சொல்லாமலே விட்டுவிடலாம். யாரால் பிற்படுத்தப்பட்டவர் என்று யாரும் வாக்கியத்தை முடிப்பதில்லை. ஆகையால் அந்தப் பட்டியலில் உள்ள ஒருவர் தன்னைப் பிற்படுத்தியவரைக் கைகாட்டிக்கொண்டே, தனக்குக் கீழே ஒரு தெருவைத் தாழ்த்திவைத்திருக்க முடிகிறது. 1957 செப்டம்பரில் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொலையானதும் முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்ததும் இந்தச் சீமையில்தான். எழுவாய் இல்லாத வாக்கியங்களில் அந்த ரத்தம் காணாமல் போகும். இதைச் சொல்லாமல் இலக்கணத்தை மட்டும் மெச்சிக்கொண்டு போவது அயோக்கியத்தனம்.

சரி, மாவட்டத்துக்கு வருவோம். வகுப்புக்குக் கிடைத்த பிறவினை மண்ணுக்குக் கிடைக்கவே இல்லை. மாவட்டம் எப்போதும் 'பின்தங்கிய'தாகவே இருந்தது. தானாகவே பின்னால் தங்கிவிட்டதாம், நடக்கச் சோம்பி மரத்தடியில் உட்கார்ந்த மாதிரி! 'பிற்படுத்தப்பட்ட மாவட்டம்' என்று எந்த அறிக்கையும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதியிருந்தால் எழுவாயைத் தேடிப் போயிருக்க வேண்டும். ராமநாதபுரம் ஜமீன் வரைக்கும் போக வேண்டும். 1789இல் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாமா என்று முதலில் யோசித்தது ராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. அணை கட்டி முடித்தது 1895இல் வெள்ளைக்காரன். தண்ணீரின் பெரும்பங்கு போனது மதுரைச் சீமை வயலுக்கு. யோசனை எங்கள் பக்கத்தது, நஞ்சை அந்தப் பக்கத்தது. ஜமீன் 1948 சட்டத்தோடு போனபிறகு வரத்துக்கால்களை யார் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். சீமைக்கருவேல் எப்படிக் கண்மாய்க்குள் நுழைந்தது, கரிமூட்டம் எப்படி ஒரு சமசாரியின் கடைசி வெள்ளாமை ஆனது என்று கேட்க வேண்டும். அதிகாரிகளுக்குள் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று ஒரு மிரட்டல் இன்றும் புழங்குகிறது. எங்கள் ஊர் அவர்களுக்குத் தண்டனை. தண்டனையாக வந்தவர் எங்களைப் பின்தங்கியவர் என்று குறித்துக்கொண்டு போவார்.

இருந்தும் 'பின்தங்கிய'வுக்கு ஒரு குணம் இருந்தது. ஊரில் மனு எழுதுகிறவர்களைக் கேட்டால் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஊர்க்காரர்களுக்கு மனு எழுதியவன். ஒவ்வொரு மனுவும் இப்படித்தான் போகும்: 'எங்கள் கிராமம் மிகவும் பின்தங்கிய கிராமம். ஆகவே…' அந்த 'ஆகவே'தான் உயிர். ஆகவே பேருந்து வேண்டும், ஆகவே மேல்நிலைத் தொட்டி வேண்டும், ஆகவே கண்மாய்க்கு மடை வேண்டும். பெயரடை ஒரு காரணமாக நின்று கோரிக்கையை அடுத்த வாக்கியத்துக்கு ஏற்றிக் கொடுத்தது. இப்போது புதுச் சொல்லைப் போட்டுப் பாருங்கள்: 'எங்கள் கிராமம் முன்னேற விழையும் கிராமம். ஆகவே…' ஆகவே என்ன? நல்லது, விழையுங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போகலாம். புதுப் பெயரடைக்குப் பிறகு 'ஆகவே' வராது. இந்தப் பெயர்மாற்றத்தில் நாம் இழந்தது அந்த ஒரு இடைச்சொல்லைத்தான். அது சின்ன இழப்பு அல்ல.

இது என் கற்பனை அல்ல, திட்டத்தின் கட்டமைப்பே இப்படித்தான். 2006-07இல் மைய அரசு பின்தங்கிய பகுதிகளுக்கான மானிய நிதி என்று ஒன்று வைத்திருந்தது. 250 மாவட்டங்கள். (தமிழ்நாட்டில் அப்போது ஆறு, விருதுநகர் அதில் இல்லை. பின்தங்கியதாக ஒப்புக்கொள்ளப்படாமலே விழைய ஆரம்பித்த மாவட்டம் இது.) பின்தங்கியிருக்கிறாய், ஆகவே மானியம் என்பது அதன் தர்க்கம். 2018 திட்டத்தில் அந்த மாதிரித் தனி மானியம் கிடையாது. ஏற்கெனவே உள்ள திட்டங்களை ஒருங்கிணைப்பது, ஒத்துழைப்பது, மாவட்டங்களுக்குள் போட்டி வைப்பது. முந்தி வந்தால் பரிசாகக் கூடுதல் நிதி. உரிமையாக வந்தது பரிசாக மாறுகிறது. இதை நடத்துகிற அமைப்பைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'நிதி ஆயோக்' என்று எழுதுகின்றன. இந்தியில் 'நீதி' என்றால் கொள்கை. தமிழில் ஒரு நெடில் குறிலாகிப்போனதில் நம் ஆட்கள் பணம் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போட்டியின் பெயர் 'டெல்டா' தரவரிசை. கணக்கில் டெல்டா என்றால் மாற்றத்தின் அளவு. எங்கள் பக்கத்தில் டெல்டா என்றால் தஞ்சாவூர். 2018 டிசம்பரில் வெளியான டெல்டா வரிசையில், அந்த ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரையான முன்னேற்றத்துக்காக, விருதுநகர் நாட்டிலேயே முதலிடம் என்று செய்தி வந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத காடு டெல்டாவில் முதலிடம்! சிரிக்கலாம், ஆனால் முழுக்கச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அங்கன்வாடியில் பிள்ளையை எடைபோடுவதும், கர்ப்பிணியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதும், பெண்பிள்ளைகளின் பள்ளியில் கழிப்பறை இருக்கிறதா என்று மாதாமாதம் ஒருவர் கேட்பதும் நல்ல காரியங்கள். அந்த வேலையைச் செய்கிற அங்கன்வாடிப் பெண்களும் கிராமச் செவிலியர்களும் தரவரிசைக்காக அதைச் செய்யவில்லை.

என் கேள்வி எண்ணிக்கையில் எது வந்தது, எது வரவில்லை என்பதே. மதிப்பெண் போட 49 குறியீடுகள். நலவாழ்வுக்கும் கல்விக்கும் முப்பது முப்பது சதவீதம், வேளாண்மைக்கும் நீருக்கும் இருபது, நிதிச் சேவைக்கும் திறன் பயிற்சிக்கும் பத்து, அடிப்படைக் கட்டமைப்புக்குப் பத்து. ஜன்தன் கணக்கு எத்தனை, முத்ரா கடன் எவ்வளவு, மண் அட்டை எத்தனை என்று வரும். விவசாயக் கூலி வராது. நூற்பாலை வேனில் விடியற்காலம் ஏற்றிப் போகப்படுகிற பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் வரா. இன்னொன்று. 2018இல் மாவட்டங்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய கூட்டுக் குறியீட்டில் நிலமற்ற உடலுழைப்புக் குடும்பங்களின் பங்குக்கு 25 சதவீத எடை இருந்தது. தேர்வானபின் முன்னேற்றத்தை அளக்கிற 49இல் நிலமின்மை இல்லை. நிலமில்லை என்று உன்னைச் சேர்த்தோம். இனி நிலத்தைப் பற்றிப் பேசாதே, வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசு. பெயரடை மாற்றம் என்பது இதுதான்.

தவிரவும் மாவட்டம் என்பது ஒரு சராசரி. சிவகாசியும் ராஜபாளையமும் இருக்கிற அதே மாவட்டத்தில்தான் நரிக்குடியும் திருச்சுழியும் இருக்கின்றன. மேற்கே மலை, கிழக்கே வானம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விழைவு.

இதையெல்லாம் அருப்புக்கோட்டையில் ஒரு சிறு கூட்டத்தில் பேசினேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளை, முடிந்ததும் எழுந்தாள். "அண்ணே, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா பின்தங்கியன்னு எங்களச் சொல்லாதீங்க. ஹாஸ்டல்ல கோயம்புத்தூர்ப் பிள்ளைக, நீ பின்தங்கிய மாவட்டமான்னு கேக்கும்போது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? விழையும்னா விழையும்தான். நான் ஆசைப்படத்தான் செய்யிறேன்." கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம். நியாயம்தான். இழிவைச் சுமக்கிறவளிடம் போய், அந்த இழிவில் ஒரு 'ஆகவே' இருக்கிறது, விட்டுவிடாதே என்று சொல்வதற்கு எனக்கு என்ன அதிகாரம்? பெயரடையைச் சுமப்பது ஒருத்தி, அதை ஆராய்ச்சி செய்வது இன்னொருத்தன். அவள் ஆசை எனக்குப் பகையல்ல. அவள் ஆசையை எடுத்து மாவட்டத்தின் நெற்றியில் ஒட்டி, மாவட்டத்துக்கு மதிப்பெண் போடுவதுதான் என் சண்டை. அவள் ஆசைப்படுகிறாள் என்பது ஒரு வாக்கியம். மாவட்டம் விழைகிறது என்பது வேறொன்று.

இங்கே இலக்கணம் உதவுகிறது. ஆங்கிலத்தில் இருப்பது போன்ற பெயரடை என்கிற தனி வகை நம் மரபிலக்கணத்தில் கிடையாது. பெயர், வினை, இடை, உரி, அவ்வளவுதான். திராவிட மொழிகளில் பெயரடையின் வேலையைப் பண்புப்பெயரும் எச்சமுமே செய்கின்றன என்று கால்டுவெல்லும் 1856இலேயே கவனித்தார். ஆங்கிலப் பெயரடையைத் தமிழாக்கப் போனால் பெரும்பாலும் ஒரு பெயரெச்சம்தான் கையில் கிடைக்கும். பெயரெச்சத்தின் வயிற்றில் ஒரு வினை இருக்கும். வினை இருந்தால் செய்தவர் யார் என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் 'ஆஸ்பிரேஷனல்' என்றால் ஒரு நிறம் மாதிரி மாவட்டத்தின்மேல் பூசிக்கொள்ளும், யாரும் கேட்கமாட்டார்கள். தமிழில் 'விழையும்' என்றவுடன் திருச்சுழிப் பெரியவர் கேட்டுவிட்டார். அவருக்கு நன்னூல் தெரியாது. மொழி தெரியும்.

பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர் எப்போதும் வினை செய்தவராக இருக்க வேண்டியதில்லை, இடமாகவும் இருக்கலாம். 'அழுத வீடு' என்கிறோம். வீடு அழவில்லை, வீட்டுக்குள் யாரோ அழுதார்கள். அப்படியானால் 'விழையும் மாவட்டம்' என்பது ஆட்கள் விழைகிற மாவட்டம் என்று ஆகும். அப்படி வாசித்தால் அடுத்த கேள்வி உடனே வரும்: எந்த ஆட்கள், எதை விழைகிறார்கள்? மிளகாய்க்கு விலையா, மதுரைக்கு அந்தப் பக்கம் எங்காவது ஒரு வேலையா, ஊரை விட்டுப் போவதையா? அரசு இந்த வாசிப்பை விரும்பாது. அதற்கு மாவட்டமே ஆசைப்பட வேண்டும். மாவட்டம் என்றால் கணினித் திரையில் ஒரு வரிசை எண்.

என் வாதத்துக்கு எதிராக என் ஊர் மொழியிலேயே ஒரு சாட்சி உண்டு. இந்தக் காட்டை நாங்கள் 'வானம் பார்த்த பூமி' என்போம். ஜமாபந்திக் கணக்கில் 'புஞ்சை', வெள்ளைக்காரன் பதிவேட்டில் 'டிரை'. ஊர் வாயில் மட்டும் பூமி வானத்தைப் பார்க்கிறது. இதிலும் பூமிதானே எழுவாய், ஆளைக் காணோமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தத் தொடரைச் சொல்கிறவனே அந்தப் பூமியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவன். தன்னையும் நிலத்தையும் ஒன்றாக்கிச் சொல்கிறான். 'விழையும் மாவட்டம்' டெல்லியில் உட்கார்ந்து சொல்லப்படுகிறது. அங்கிருந்து பார்த்தால் நிலமும் தெரியாது, ஆளும் தெரியாது. 'விழை' என்கிற வினையும் இங்கே யார் வாயிலும் இல்லை. புத்தகத்தில் தேடினால் குறளில் பிறனில் விழையாமை என்று ஒரு அதிகாரம்: அடுத்தவன் மனைவிமேல் ஆசைப்படாதே என்று! ஊர்ச் சொல் 'ஏங்குதல்'. அடுத்த பிள்ளை தின்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு ஏக்கம் பிடிக்கும், உடம்பு மெலியும். 'ஏங்கும் மாவட்டம்' என்று எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பு நேர்மையாக இருந்திருக்கும். தட்டியில்தான் ஏறியிருக்காது.

அரசை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். இதே சீமைக்காரர்களை நம் பத்திரிகைகள் 'விளிம்புநிலை' என்று எழுதின. அதுவும் ஒரு ஆங்கிலப் பெயரடையின் நிழல்தான். விளிம்பு என்றால் எதன் விளிம்பு? மையம் எங்கே இருக்கிறது என்று தீர்மானித்தவன்தானே விளிம்பைச் சொல்ல முடியும். இந்த மண்ணிலிருந்து எழுதியவர்களுக்கு 'வட்டார' என்கிற பெயரடை. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி போட்டபோது அது நம் மொழியின் அகராதிகளில் ஒன்றாக வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். வட்டாரப் புதுமையாகத்தான் வாசிக்கப்பட்டது. மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் 'நெடுங்குருதி'யில் வேம்பலை என்கிற வெயில் கிராமத்தை எழுதினார். களவு என்கிற பெயரடை ஒட்டப்பட்ட ஒரு கூட்டம் எப்படி உதிர்ந்துபோகிறது என்பது அதில் உண்டு. அதைக் கரிசல் நாவல் என்ற ஒரே சொல்லில் மூடிவைத்த விமர்சனங்கள் ஏராளம். தஞ்சாவூர்க் கதைக்கு யாரும் வட்டாரம் சொல்வதில்லை, அது 'தமிழ்ச் சிறுகதை'. நஞ்சைக்குப் பெயரடை கிடையாது. புஞ்சைக்குத்தான் எப்போதும் பெயரடை.

போன வருஷம் ஒரு கண்மாய்க்காக மனு எழுத உட்கார்ந்தோம். வரத்துக்கால் தூர்ந்து, கருவேல் அடைத்து, குண்டாற்றில் நாலு நாள் தண்ணீர் வந்தும் கண்மாய்க்குள் ஒரு சொட்டு ஏறவில்லை. காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள்; அது குண்டாற்றை எட்டுவதற்குள் இருக்கிற தண்ணீரையாவது பிடிக்கலாம் என்பதுதான் கோரிக்கை. பழக்கத்தில் 'எங்கள் கிராமம் மிகவும்' என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். பின்தங்கிய என்று எழுதக் கை வரவில்லை, அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். விழையும் என்று எழுத வாய் வரவில்லை. என்ன தம்பி யோசிக்கிற என்றார் தட்டியை வாசித்த அதே பெரியவர். சொன்னேன். "அந்த எடத்துல ஒண்ணும் போடாத. கம்மா பேரப் போடு, மட எத்தனைன்னு போடு, எந்த வருசத்துல இருந்து தண்ணி ஏறலைன்னு போடு" என்றார்.

அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அலுவலகத்தில் இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, எந்தத் திட்டத்தின் கீழ் என்று ஒரு வரி சேர்த்துக் கொண்டு வாங்க என்றார்.